மீதி மூச்சு

காட்டின் மூச்சுக் கணக்கு மூன்று வாரமாக ஒட்டவில்லை.

வெள்ளைப்பாறை நிலையத்தின் பொறுப்பாளர் நித்திலா முதலில் கருவிகளைத்தான் சந்தேகப்பட்டாள். கோபுரத்தில் ஏறி, மரங்களின் தலைக்கு மேலே நின்று, காற்றை உறிஞ்சும் குழாய்களைக் கழற்றிக் கழுவினாள். மண்ணின் மேல் கவிழ்த்து வைத்திருந்த கண்ணாடி மூடிகளுக்குள் எறும்பு ஏதும் புகுந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். எல்லாம் சரியாகவே இருந்தன. கணக்கு மட்டும் இடித்தது.

அது பெரிய சிக்கலான கணக்கு அல்ல. இலைகள் பகலில் உமிழும் மெல்லிய சிவப்பு ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது, செயற்கைக்கோளுக்குத் தெரியும். அதை வைத்து, காடு எவ்வளவு கரியமில வாயுவை உள்ளே இழுக்கிறது என்று அது சொல்லும். மாதம் இருமுறை வரும் சின்ன விமானம் லேசர் கதிரை இறக்கி, எந்த மரம் எவ்வளவு உயரம், அதில் எவ்வளவு இலை என்று அளந்துவிட்டுப் போகும். தரையில் நித்திலாவின் கோபுரமும் மூடிகளும், காடு வெளியே விடும் மூச்சை அளக்கும். கோயம்புத்தூரில் இருக்கும் பசுமைக் கணக்கு மையத்தின் கணினி மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும். ஒட்டினால் அந்த மாதத்துக் காடு விலைபோகும். கடலுக்கு அப்பாலுள்ள நாடுகள் தாங்கள் விடும் புகைக்கு ஈடாக அதை வாங்கின. கீழே சமவெளியில் குடிதண்ணீரும் மின்சாரமும் ஓடியது அதனால்தான். ஒட்டாமல் எஞ்சி நிற்பதற்கு மையத்தில் 'மீதி' என்று பெயர்.

இலைக்கூரைக்குக் கீழே நிலையப் பணியாளர் தவிர மனிதர் யாரும் தங்கக் கூடாது என்பது அந்த விற்பனையின் முதல் நிபந்தனை. நித்திலா பள்ளிக்கூடம் போன காலத்திலேயே மலைமேல் இருந்த தேயிலை எஸ்டேட்டுகளை மூடி, தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளை இடித்து, ஆட்களைக் கீழே இறக்கி, காட்டை வளரவிட்டிருந்தார்கள்.

"வெள்ளைப்பாறையில மட்டும் ஏன் மீதி ஏறிக்கிட்டே போகுது?" என்று மையத்தின் தலைவர் இம்மானுவேல் திரையில் கேட்டார். குரல் உயர்த்தாத மனிதர்.

"பாத்துட்டு இருக்கேனுங்க சார்."

"மேலிருந்து பாக்கறப்போ காடு நல்லா இருக்கு. விமானமும் அதையே சொல்லுது. உன்னோட தரைதான் ஜாஸ்தி மூச்சு விடுது. அடுத்த வாரத்துக்குள்ள காரணம் சொல்லு. இல்லேன்னா சோதனைப் படையை இறக்க வேண்டியிருக்கும். எனக்கு அதுல இஷ்டமில்ல."

போன வருஷம் வடக்கே ஒரு நிலையத்தில் காட்டுக்குள் ஆள் இருப்பது தெரிந்து அந்தப் படை இறங்கியது. பிடிபட்டவர்களை எங்கே கொண்டுபோனார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அந்த நிலையத்துப் பொறுப்பாளரின் பெயரும் மையத்தின் திரையிலிருந்து மறைந்துபோனது.

அவள் மீதியை மணிவாரியாகப் பிரித்துப் பார்த்தாள். விடிந்த கையோடு ஏறியது. மத்தியானம் அடங்கியது. பொழுது சாயும்போது மறுபடி ஏறியது. காட்டுக்கு அப்படி ஒரு பழக்கம் கிடையாது. அந்த நேரங்களில் ஏறி இறங்குவது எது என்று அவளுக்கு அப்போது புரிந்தது. அது அடுப்பு பற்றவைக்கும் நேரம்.

மறுநாள் காலை கையடக்கக் கருவியை எடுத்துக்கொண்டு அவள் தனியே உள்ளே நடந்தாள். மூடுபனி மரங்களுக்கு நடுவே தொங்கியது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. கருவியின் எண்ணிக்கை கூடும் பக்கமாகத் திரும்பித் திரும்பி நடந்தாள். உண்ணிச்செடிப் புதரைத் தாண்டியபோது பறவைச் சத்தம் நின்றுபோனது. எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறியது. எதிரே செங்குத்தாக ஒரு பச்சைச் சுவர். அது மலை இல்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. பழைய தேயிலை ஃபாக்டரி. நான்கு மாடி உயரத்துக்கு அத்தி மரம் அதைக் கட்டிப் பிடித்திருந்தது. கூரை முழுக்கக் கொடி. மேலிருந்து பார்க்கிற எந்தக் கண்ணுக்கும் அது காடுதான்.

உள்ளேயிருந்து ஓர் இருமல் கேட்டது.

காய்ந்த, நீண்ட, மனித இருமல். யாரோ கையால் வாயைப் பொத்தியது போல் அது பாதியில் அமுங்கியது. பின்னால் சருகு மிதிபட்டது. திரும்பினாள். கையில் அரிவாளோடு ஒரு பெண் நின்றாள். ஐம்பது வயதிருக்கும். அவளுக்கும் பயம்.

"ஒத்தையிலயா வந்திருக்க?" என்றாள் அந்தப் பெண்.

"ஆமாங்க."

"பின்னால யாரும் வாறாகளா?"

"இல்லைங்க. சத்தியமா யாருக்கும் தெரியாது."

அந்தப் பெண்ணின் பெயர் இசக்கியம்மாள். அதே எஸ்டேட்டில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்தவள். கீழே அடுக்குமாடியில் குடிவைத்தார்கள், ஐந்தாம் மாடியில், தகரக் கூரைக்கு அடியில். கோடையில் சுவரைத் தொட்டால் கை பொசுங்கும். கடைசி இரண்டு கோடையில் வீட்டுக்கு ஒரு சாவு விழுந்தது. மூன்றாம் கோடை வருமுன், போன மாதம்தான், ஏழு குடும்பம் மேலே ஏறிவிட்டது. ஃபாக்டரியின் அடித்தளத்தில், தேயிலை உலர்த்திய அறைகளில் இருந்தார்கள். மொத்தம் பத்தொன்பது பேர். அவர்களில் கர்ப்பிணி ஒருத்தி. இருமியது இசக்கியின் புருஷன் சுடலைமுத்து. வாலிபத்தில் தேயிலைத் தூசியை இழுத்து இழுத்து அவர் நெஞ்சு பழுதாகியிருந்தது.

"நாங்க மரத்த வெட்டல தாயி. விழுந்த விறகத்தான் எரிக்கோம். புகைகூட மேல போகாது, பழைய குழாய்க்குள்ள விட்டிருக்கோம். எப்படிக் கண்டுபிடிச்ச?"

"நீங்க மூச்சு விடறது தெரியுதுங்கம்மா" என்றாள் நித்திலா.

இசக்கி அவளையே பார்த்தாள். பிறகு, "அத மட்டும் எங்களால நிறுத்த முடியாதே" என்றாள்.

அன்று சாயங்காலம் நித்திலா நிலையத்தில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தாள். காரணம் எழுதாவிட்டால் படை வரும். உண்மையை எழுதினாலும் படை வரும். மூச்சு விடுகிற, கூட்டமாக வாழ்கிற, கூரைக்கு மேலே தெரியாத ஏதோ ஒன்று வேண்டும். பழைய தேயிலைச் செடிகளின் கட்டைகள் மண்ணுக்குள் மக்கிக் கிடந்தன. அந்த உயரத்தில், அந்தக் குளிரில், அவ்வளவு பெரிய புற்று கட்டும் கரையான் பிழைக்காது என்பது படித்தவளுக்குத் தெரியும். ஆனால் கணினிக்கு அது ஒரு சொல். 'கரையான்' என்று எழுதி அனுப்பினாள்.

கணினி ஏற்றுக்கொண்டது. இம்மானுவேல் "குட்" என்று ஒரு வரி போட்டார். அவள் அன்றைக்குத்தான் பல நாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை கருவிகளைத் துடைக்கப் போகும் சாக்கில் ஃபாக்டரிக்குப் போனாள். இருமலுக்கு மருந்தும், கர்ப்பிணிக்குச் சத்து மாத்திரையும், உப்பும் கொண்டுபோனாள். செயற்கைக்கோள் எப்போது தலைக்கு மேலே வரும், விமானம் எந்த நாள் வரும் என்று சொல்லிக்கொடுத்தாள். சுடலைமுத்து அதிகம் பேசமாட்டார். ஒருமுறை மட்டும், "மூணு பக்கமிருந்தும் பாக்காங்களே, அவங்களுக்கு இந்தக் காட்டுல என்னதான் தெரியுது?" என்று கேட்டார். "பச்சை தெரியும். உயரம் தெரியும். மூச்சு தெரியும்" என்றாள். "ஆளு தெரியாதோ?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

மழைக்காலம் முடிந்த முதல் செவ்வாய்க்கிழமை ராத்திரி எல்லா நிலையங்களுக்கும் சேர்த்து இம்மானுவேல் திரையில் வந்தார். அன்று உற்சாகமாக இருந்தார்.

"கரையான் மூச்சு காட்டோட விலையைக் குறைக்குதே, அந்தப் பிரச்சினைக்கு வழி கிடைச்சாச்சு. வெள்ளைப்பாறையில ஆரம்பிக்கிறோம். வியாழக்கிழமை காலையில டிரோன்கள் வரும். இலைக்கூரைக்குக் கீழ இறங்கிப் புகை போடும். காத்தை விடக் கனமான விஷப் புகை. மேல ஏறாது. தரையில தவழ்ந்து பள்ளம், பொந்து, பொதும்பு எல்லாத்துக்குள்ளயும் இறங்கிடும்."

நித்திலா திரைக்கு அருகே நகர்ந்தாள்.

"சார், மத்த பிராணிங்க?"

"பறக்கிறது தப்பிச்சுக்கும். தரையில இருக்கிறது போயிடும்தான். ஒரு சீசன்ல திரும்ப வந்துடும். புதன்கிழமை பொழுது சாயறதுக்குள்ள எல்லாப் பணியாளரும் மலையை விட்டு இறங்கிடணும். நித்திலா, நீ சொன்னதுனாலதான் இது கிடைச்சுது. பாராட்டுகள்."

புதன்கிழமை பொழுது புலர்ந்ததும் அவள் ஓடினாள். நடந்த ஞாபகமே இல்லை. கொடியில் கால் சிக்கி விழுந்து முழங்கால் கிழிந்தது. ஃபாக்டரியின் படிகளில் இறங்கும்போதே கத்தினாள்.

"உடனே கிளம்பணுங்க! நாளைக்குப் புகை போடறாங்க. இங்க யாரும் இருக்கக் கூடாது."

"என்ன புகை?" என்றாள் இசக்கி.

"கரையானுக்கு."

"இங்க ஏது கரையான்?"

இசக்கி நித்திலாவின் முகத்தைப் பார்த்தாள். அங்கிருந்த எல்லோரும் பார்த்தார்கள். அடுப்பில் வைத்திருந்த கஞ்சி பொங்கி வழிந்தது. யாரும் அதை இறக்கவில்லை.

"எங்கள நீ கரையான்னா எழுதின?"

"உங்கள மறைக்கத்தானுங்கம்மா எழுதினேன். வேற வழி தெரியல."

இசக்கி கையை ஓங்கினாள். ஓங்கிய கையைச் சுடலைமுத்து பிடித்துக்கொண்டார். "அடிக்கத பெறகு அடிச்சுக்கலாம். இப்ப சாமானக் கட்டு" என்றார்.

ஓடையோடு மேலேறி, முகட்டைத் தாண்டி, அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் இறங்கிவிட்டால் எந்தக் கோபுரத்துக்கும் அவர்கள் மூச்சு எட்டாது. முகட்டுக்கு முன்னால் ஒரு வெட்டவெளி இருந்தது. அதைக் கடந்தால், பகலோ ராத்திரியோ, ரோந்து டிரோன் பார்த்துவிடும். "இன்னிக்கு இருட்டறதுக்குள்ள ஓடையில பாதி தூரம் போயிடுங்க. அங்க இருக்கிற சோலைக்குள்ள தங்கிக்கங்க. நாளைக்குக் காலையில புகை போடறப்போ எல்லா டிரோனும் இங்கதான் இருக்கும். அந்த நேரத்துல வெட்டவெளியைத் தாண்டிடுங்க. அதுக்கு முன்னால வேண்டாம்" என்றாள் நித்திலா. கர்ப்பிணிக்கு இப்போது நிறைமாதம், அவளை இரண்டு பேர் தாங்கிக்கொண்டார்கள். குழந்தைகளின் வாயில் வெல்லத்தைத் திணித்து அழாமல் பார்த்துக்கொண்டார்கள். அதற்குமேல் அவளால் அங்கே இருக்க முடியவில்லை. அவள் ஜீப் பொழுதோடு கீழே சோதனைச் சாவடியைத் தாண்டாவிட்டால் தேடி வருவார்கள்.

வியாழக்கிழமை காலையில் அடிவாரத்து அலுவலகத்தில் பெரிய திரைக்கு முன்னால் எல்லோரும் கூடியிருந்தார்கள். இம்மானுவேலே கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார். காப்பி கொடுத்தார்கள். நித்திலா குடிக்காமல் தம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

திரையில் இரண்டு கோடுகள் ஓடின. செயற்கைக்கோளும் விமானமும் சொன்னபடி காடு விடவேண்டிய மூச்சு பச்சைக் கோடு. தரை அளந்த மூச்சு பழுப்புக் கோடு. இவ்வளவு நாளும் இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருந்தது. இன்று இல்லை. அவர்கள் போய்விட்டார்கள். அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

திறந்தபோது கவனித்தாள். கோடுகள் ஒட்டவில்லை. நடுவே ஒரு மயிரிழை இருந்தது.

அவள் எழுந்து திரைக்கு அருகில் போனாள். மயிரிழை சீராக இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, சட்டென்று துள்ளி, மறுபடி அடங்கியது. அடுத்த துள்ளலுக்கு முன்னால் நீண்ட இடைவெளி. துள்ளல்கள் இரண்டு மூன்று அடுத்தடுத்து வந்தன. ஒரு மனிதர் இருமுகிற மாதிரி.

"சார்" என்றாள்.

"சொல்லு."

வெளியே மலைமேல் டிரோன்களின் இரைச்சல் எழுந்துவிட்டது. அவள் வாயைத் திறந்தாள். அங்கே ஆள் இருக்கிறது என்று மூன்று சொல் சொன்னால் போதும். டிரோன்கள் நின்றுவிடும். நின்றால் உள்ளே படை இறங்கும். ஒருவரைப் பிடித்தால் மற்றவர்கள் எங்கே என்று தேடுவார்கள். முகட்டுக்கு முன்னால், மறைவில்லாத வெட்டவெளியில், இந்நேரம் பதினெட்டுப் பேர் ஏறிக்கொண்டிருப்பார்கள். குழந்தைகள் இருப்பார்கள். நிறைமாதக்காரி இருப்பாள்.

"என்னம்மா? முகமெல்லாம் வெளுத்திருக்கு."

அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள். திரையில் மயிரிழை ஒருமுறை துள்ளியது. இன்னொரு முறை. பிறகு துள்ளவில்லை. பச்சைக் கோடும் பழுப்புக் கோடும் ஒன்றாகிவிட்டன.

பின்னால் எல்லோரும் கைதட்டினார்கள்.

"பூஜ்யம்!" என்றார் இம்மானுவேல். "இத்தனை வருஷத்துல மூணும் இப்படி ஒட்டி நான் பாத்ததேயில்ல."

மறுநாள் கருவிகளைச் சரிபார்க்கும் சாக்கில் நித்திலா முகட்டின் அந்தப் பக்கம் போனாள். இசக்கி ஓடைக்கரையில் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் புதருக்குள் இருந்தார்கள். இரவே பிரசவமாகிவிட்டது, பெண் குழந்தை. அது அழும்போதெல்லாம் யாரோ ஒருத்தி அதைப் புடவைக்குள் பொத்திக்கொண்டாள்.

"சோலை வரைக்கும் அவுகளும் வந்தாக" என்றாள் இசக்கி. திரும்பிப் பார்க்கவில்லை. "அங்க வச்சுத்தான் சொன்னாக. நான் இருமினா எல்லாரும் மாட்டுவோம், நீ பிள்ளைகளக் கூட்டிட்டுப் போன்னு. நான் மாட்டேன்னேன். பேசிக்கிட்டு இருக்கும்போதே இருமல் வந்துட்டு. அதுக்கப்புறம் என்னத்தப் பேச? திரும்பி ஃபாக்டரிக்கே நடந்துட்டாக."

நித்திலா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"உன் பெட்டியில அவுக தெரிஞ்சாகளா?"

"தெரிஞ்சாருங்கம்மா."

"நீ பாத்துக்கிட்டு இருந்தியா?"

"ஆமாங்க."

"ரொம்ப நேரமா?"

"இல்லைங்க. சீக்கிரமே..."

இசக்கி எழுந்தாள். "இனி இங்க வராத. உன் மூச்சும் சேந்து எங்களக் காட்டிக்குடுத்துரும்" என்று சொல்லிவிட்டுப் புதருக்குள் போனாள். அதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நித்திலாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் நிலையத்துக்குத் திரும்பியபோது இம்மானுவேலின் அறிவிப்பு திரையில் காத்திருந்தது. வெள்ளைப்பாறையில் கிடைத்த வெற்றியை எல்லா இடத்துக்கும் கொண்டுபோகிறோம். மேகமலையில் வரும் திங்கட்கிழமை. கூடவே ஒரு வரைபடம். மலைத்தொடர் முழுக்க, தெற்கு நுனி வரை, கரையான் இருப்பதாகத் தரைப் பொறுப்பாளர்கள் எழுதிய இடங்கள் சிவப்புப் புள்ளிகளாக இருந்தன. நாற்பதுக்கும் மேலே இருக்கும். சில அவளுக்கு முன்பே எழுதப்பட்டவை. சில, புல்லே பனியில் கருகும் உயரத்தில் இருந்தன. எந்தக் கரையானும் அங்கே ஒரு ராத்திரி தாங்காது.

அவள் அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கை தானாகவே போனை எடுத்தது. மேகமலை நிலையத்துப் பொறுப்பாளரின் பெயர் மொக்கராசு. அவரை அவள் பார்த்ததில்லை, பேசியதுமில்லை. இந்தப் பேச்சை மையத்தில் யாராவது கேட்டுக்கொண்டிருக்கலாம். மணி அடிக்க அடிக்க, வைத்துவிடலாமா என்று நினைத்தாள்.

"யாருங்க?" என்றது ஓர் ஆண் குரல்.

"அண்ணா, நான் வெள்ளைப்பாறையிலிருந்து நித்திலா பேசறேன். கூப்பிடலாமான்னு தெரியல. உங்க பக்கம் கரையான் இருக்குன்னு எழுதியிருக்கீங்களே..."

அந்தப் பக்கம் கதவு சாத்தும் ஓசை கேட்டது. தாழ்ப்பாள் விழும் ஓசை கேட்டது. அந்த ஆள் வாயைப் போனுக்கு மிக அருகில் கொண்டுவந்து, காற்றாகப் பேசினார்.

"உங்ககிட்ட எத்தன பேரும்மா இருந்தாங்க?"